கொசுக்காரத் தம்பிக்குக் கொடுத்தனுப்பிய கொசுக்கள்

அனுப்புபவர்:
த. வெள்ளைத்துரை (தவசி மகன்),
கொடிக்கால் விவசாயம்,
கீழமடைப்பட்டி, சோழவந்தான் வழி,
நிலக்கோட்டைத் தாலுகா, மதுரை ஜில்லா.

பெறுபவர்:
கனம் பொருந்திய மலேரியாத் தடுப்பு ஸ்பெஷல் ஆபீசர் அவர்கள்,
மதுரை.

விஷயம்: சித்திரை முதல் தேதி தொட்டு எங்கள் வெற்றிலைக் கொடிக்கால்களின் மடைகளை மூன்று வாரம் அடைக்கும்படி பிறந்த உத்தரவு, அந்த உத்தரவுக்கு ஆதாரமான கொசுக் கணக்கு மெய்யான கணக்கு அல்ல என்பது, அதைக் கெடுத்தது மனுதாரன் வீட்டில்தான் என்பது, உத்தரவை ரத்துச் செய்யக் கோருவது.

பார்வை: தங்கள் ஆபீஸிலிருந்து வந்து, பங்குனி 20-ந் தேதி திங்கட்கிழமை எங்கள் ஊரில் தமுக்கடித்து வாசிக்கப்பட்ட உத்தரவு.

மரியாதைக்குரிய ஐயா,

1. மேற்படி விலாசத்தில் குடியிருக்கும் வெள்ளைத்துரையாகிய அடியேன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை வாசித்தவன். எங்கள் ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடந்தான் வருவார்கள். இதுவரை பதினொரு மனு எழுதி சர்க்காருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்குப் பதில் வந்தது. அந்தப் பதினொன்றும் அடுத்தவர் பேரில் எழுதிய புகார்கள். இந்தப் பன்னிரண்டாவது மனு என் பேரிலும் என் சம்சாரம் ஒச்சாயி பேரிலும் நானே எழுதும் புகார். சொந்த வீட்டுக் குற்றத்தை நல்ல தமிழில் எழுதுவது எத்தனை சிரமம் என்பதை இன்று காலையிலிருந்து அறிந்து வருகிறேன்.

2. எழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்கவும். அடியேனுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர்காய்ச்சல் வருகிறது. இன்று வராத நாள். ஆனாலும் கை நேற்றைய நடுக்கத்தை இன்னும் விடவில்லை. அந்தக் காய்ச்சல் எனக்கு எப்படி வந்தது என்பதும் இந்த மனுவுக்குள் வரும். எனக்கு இது நன்றாக வேண்டும் என்று தாங்களே சொல்வீர்கள்.

3. எங்கள் ஊரில் முப்பத்தேழு குடும்பம். அதில் இருபத்தொன்பது குடும்பம் கொடிக்காலை நம்பிப் பிழைக்கிறது. வெற்றிலைக் கொடியைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அதற்கு அகத்தி நிழல் வேண்டும். வேரடியில் எந்நேரமும் ஈரம் வேண்டும். செருப்புக் காலோடு யாரும் உள்ளே போகக் கூடாது. சித்திரை வெயிலில் நாலு நாள் வாய்க்காலில் தண்ணீர் இல்லையென்றால் கொடி சுருண்டு போகும். மூன்று வாரம் கழித்து மடையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் அகத்தி மரத்துக்குத்தான் உதவும். திரும்பக் கொடி நட்டு இலை கிள்ள ஆறேழு மாசம் ஆகும், அதுவரை இருபத்தொன்பது குடும்பமும் எதைக் கிள்ளுவது? தமுக்கடித்த அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

4. உத்தரவில் கண்டிருக்கும் காரணம் இது: கார்த்திகையில் கிணறுகளுக்கும் குட்டைகளுக்கும் எண்ணெய் தெளித்த பிறகும் கீழமடைப்பட்டியில் கொசு குறையவில்லை, மாறாக மாசத்துக்கு மாசம் பெருகியிருக்கிறது, ஆகையால் கொடிக்கால் வாய்க்கால்களில்தான் கொசு உற்பத்தியாக வேண்டும் என்பது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதே உத்தரவைத்தான் போட்டிருப்பேன், இன்னும் கொஞ்சம் கோபமாகப் போட்டிருப்பேன். தங்கள் ஆபீஸ் பேரில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கொசுக்கள் எங்கிருந்து வந்தன என்பது ஆபீஸுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

5. கார்த்திகை மாசம் முதல் வியாழக்கிழமைதோறும் தங்கள் இலாகாவின் கொசு பிடிக்கும் சிப்பந்தி ஆரோக்கியநாதன் என்பவர் காலை ரயிலில் சோழவந்தானில் இறங்கி, மூன்று மைல் நடந்து எங்கள் ஊருக்கு வருகிறார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். மதுரை டவுன், வேதக்காரப் பிள்ளை. எங்கள் ஊரில் மூன்று மாட்டுத் தொழுவங்களைத் தேர்ந்தெடுத்து, சுவரில் தாரால் நம்பர் போட்டிருக்கிறார். ஒன்றாம் நம்பர் அடியேனுடையது. இரண்டாம் நம்பர் என் பங்காளி பெண்ஜாதி மலையம்மாளுடையது. மூன்றாம் நம்பர் மொக்கையனுடையது. ஒவ்வொரு தொழுவத்திலும் கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு கையில் டார்ச் லைட், ஒரு கையில் கண்ணாடிக் குழாய். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் குழாயைக் கவிழ்த்து, பெருவிரலால் வாயை மூடி, பஞ்சை வைத்து அடைப்பார். பிறகு நோட்டில் குறிப்பார்.

முதல் வாரம் ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "ஏ மாப்ள, நல்லா வளந்த ஆம்பளைக்கு சர்க்கார் குடுத்திருக்கிற வேலையைப் பாரு!" என்று மொக்கையன் என் காதில் சொன்னது வாஸ்தவம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு பூதக்கண்ணாடியில் காட்டினார். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும் கொசுதான் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும் கொசு என்று விளக்கினார். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை. கொசுக்காரத் தம்பி என்று பெயர் வந்துவிட்டது. ஒச்சாயி தாரால் போட்ட ஒன்றாம் நம்பருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். அழித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவள் அழிக்கவில்லை.

6. இவ்விடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைத் தங்கள் சமூகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் வாசலை மிதித்தவர் யாரானாலும் வெற்றிலை வாங்கிக்கொள்ளாமல் திரும்புவது கிடையாது. சம்மன் கொண்டுவந்த சேவகருக்கும் கொடுத்திருக்கிறோம். சண்டைக்கு வந்தவர்கள் சண்டை முடிந்ததும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆரோக்கியநாதன் வாங்கவில்லை. முதல் வாரம் ஒரு கவுளி இளம் வெற்றிலையை வாழைநாரில் கட்டி நீட்டினாள் ஒச்சாயி. "சர்க்கார் ஆளு கை நீட்டக் கூடாதுக்கா, ரூல் இருக்கு" என்று கும்பிட்டார். இரண்டாம் வாரம் மோர். கும்பிட்டார். மூன்றாம் வாரம் ஒரு சீப்பு நாட்டுப்பழம். அதற்கும் கும்பிட்டார். குடிதண்ணீர்கூட சொந்தப் புட்டியில் கொண்டுவந்தார். மாசியில் அவர்களுடைய தவக்காலமும் வந்து சேர்ந்துகொண்டது, கேட்க வேண்டுமா? "நம்ம வீட்டு வெத்தலைக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று ஒச்சாயி என்னிடம் சண்டை பிடித்தாள். ரூலைப் போட்டது நான் அல்ல என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

7. அந்த முதல் மூன்று வாரங்களில் எங்கள் தொழுவத்தில் அகப்பட்ட கொசுக்கள்: இரண்டு, ஒன்று, இல்லை. தாங்கள் தெளித்த எண்ணெய் நன்றாக வேலை செய்திருந்தது. மூன்றாம் வாரம் அவர் காலிக் குழாய்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது ஒச்சாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்டவன் அவருக்குத் துக்க வீட்டுக்குப் போய்வந்த முகமாகவே படைத்துவிட்டார். சிரிப்பு, பயம், பசி எல்லாம் அதில் ஒரே மாதிரி இருக்கும். உள்ளுக்குள் அவர் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாராம், பிற்பாடு சொன்னார். ஒச்சாயிக்கு அது எப்படித் தெரியும்?

அன்று அவள் சொன்னதைச் சாட்சியமாகக் கருதி அப்படியே எழுதுகிறேன்: "மூணு மைல் நடந்து வந்த பிள்ளை வெறுங்கையோட போகுது. நம்ம வீட்டுல அது கையால வாங்குற சாமான் ஒண்ணே ஒண்ணுதான். அதையும் இல்லேன்னு சொல்லி அனுப்புறதா?"

8. ஐயா, குற்றம் இங்கேதான் ஆரம்பம். எங்கள் தொழுவத்தில் சாயங்காலந்தோறும் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டுவது வழக்கம். அடுத்த புதன்கிழமை ஒச்சாயி புகை போடவில்லை. உள்ளே வந்த கொசு வெளியே போகாதபடி ஜன்னலில் ஈரச்சாக்கைக் கட்டினாள். சாக்கைக் கட்ட அவள் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டவன் அடியேன். மறுநாள் காலை அரை மணி நேரத்தில் பத்தொன்பது கொசு. "பத்தொம்போதுக்கா!" என்று தம்பி கூவியது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. பயத்தில் கூவினார் என்று இப்போது தெரிகிறது. சந்தோஷம் என்று நினைத்து ஒச்சாயி அன்று பாயசம் வைத்தாள். அதையும் நான்தான் குடித்தேன்.

கொசுவால் காய்ச்சல் வருமென்று தெரிந்தும் இதைச் செய்யலாமா என்று தாங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அந்தத் தம்பி கொண்டு போற அம்புட்டும் ஊரை விட்டுப் போன கொசுதானே? சிதறிக் கிடக்கிறதைக் கூட்டி வச்சுக் குடுத்தா ஒரேயடியாப் போயிரும்ல?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கே நியாயமாகப் பட்டது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

9. ஒன்றாம் நம்பரில் பத்தொன்பது என்ற செய்தி இரண்டாம் நம்பருக்குப் போன பிறகு நடந்ததை எந்த மனுஷனாலும் தடுத்திருக்க முடியாது. "எங்க தொழு மட்டும் என்ன எளப்பமா?" என்று மலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் புகையை நிறுத்தியதோடு நிற்கவில்லை. மாந்தோப்பு ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. அதிலிருந்து கொசுப்புழு நெளிகிற தண்ணீரை நாலு பானையில் மொண்டு வந்து தொழுவத்து மூலையில் வைத்துக்கொண்டாள். தைப்பொங்கலுக்கு மறு வாரம் அவள் தொழுவத்தில் எழுபத்தொன்று. ஒச்சாயி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு எங்கள் வீட்டிலும் பானை வந்தது. மூன்றாம் நம்பர் மொக்கையன் மட்டும், "போங்கத்தா, உங்களுக்கு வேற சோலி இல்ல" என்று தன் பாட்டுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தான். அவன் தொழுவத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்றுதான் கிடைத்தது. கொசு கொடுக்கக்கூட மனசு வராத கஞ்சன் என்று கிணற்றடியில் பேச்சு கிளம்பியது. ஒரு வாரம் பொறுத்தான், இரண்டு வாரம் பொறுத்தான். மூன்றாம் வாரம் மைத்துனன் வீட்டிலிருந்து ஓர் எருமையை ஓட்டி வந்து கட்டினான். எருமைக்குக் கொசு அதிகம் மொய்க்குமாம். மாசிக் கடைசியில் மூன்று தொழுவமும் சேர்ந்து இருநூற்று நாற்பது. தங்கள் நோட்டில் இருக்கும் எண் அதுதான்.

10. நாங்கள் கூட்டி வைத்த கொசுக்கள் வியாழக்கிழமை வரைக்கும் பட்டினி கிடக்குமா? மாசியிலும் பங்குனியிலும் ஊரில் ஒன்பது பேருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. முதல் ஆள் அடியேன். ஏணி பிடித்ததற்குக் கூலி என்று மொக்கையன் சொல்கிறான். அவனுக்கு நாலு நாள் கழித்து வந்தது. ஆரோக்கியநாதன் கொயினா மாத்திரை கொண்டுவந்து, நாங்கள் விழுங்கும் வரை பக்கத்திலேயே நின்றார். அதன் கசப்பு இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது. நல்ல காலம், ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

11. ஒச்சாயியை ஏன் ஆரம்பத்திலேயே கண்டிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை இரண்டு முறை கீழே வைத்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு முத்துத்தாய் என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில், ஆறு வயதில், இதே காய்ச்சலில் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, பிறகு தினமும் வந்தது, பிறகு குழந்தை எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அப்போது எங்கள் ஊருக்கு இந்தக் காய்ச்சலுக்கென்று யாரும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்றும் நாங்கள் நினைக்கவில்லை, ஏனென்றால் அப்படி வருவார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தக் காய்ச்சலைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த முதல் மனுஷன் ஆரோக்கியநாதன்தான். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாட்டுத் தொழுவத்தில் முட்டிபோட்டு அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தார். அப்படிப்பட்ட பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப ஒச்சாயிக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவ்வளவுதான் ஐயா.

12. திங்கட்கிழமை தமுக்கடித்த பிறகு ஊர் கூடிப் பேசியது. "கொசு இருக்குன்னுதானே மடையை அடைக்கச் சொல்றாக? கொசு இல்லேன்னா அடைக்க மாட்டாகள்ல?" என்று மலையம்மாள்தான் முதலில் எழுந்து நின்றாள். பானைகளை அவளே உடைத்தாள். எருமையை மைத்துனன் வீட்டுக்குத் திருப்பி ஓட்டினார்கள். மூன்று தொழுவத்திலும் மூன்று நாள் போட்ட புகையில் மாடுகளோடு மனுஷர்களும் இருமினோம்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை, அவர்களுக்குப் பெரிய வியாழன் என்றும் பாராமல் ஆரோக்கியநாதன் வந்தார். கிராம முனிசீப் பக்கத்தில் நிற்க, கடிகாரத்தை வைத்து அரை மணி தேடினார். எங்கள் தொழுவத்தில் ஒரே ஒரு கொசு. மலையம்மாள் தொழுவத்தில் இல்லை. மொக்கையன் தொழுவத்தில் இல்லை. திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த முகம் சிரித்ததைப் பார்த்தோம். பல்லெல்லாம் தெரிந்தது. அப்போதுதான் ஒச்சாயிக்குப் புரிந்தது.

"ஒண்ணுதான்னா ஒனக்குச் சந்தோசமா தம்பி?" என்று கேட்டாள்.

"பின்னே என்னக்கா? இந்த நாலு மாசமா உங்க ஊரை நெனச்சு ராத்திரி தூக்கமே இல்ல" என்றார்.

ஒச்சாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சாக்கு, பானை, எருமை, பாயசம் உள்பட. அவர் மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். "குடுத்தீங்களா? எனக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு நோட்டை மூடி, "நானே ஆபீஸ்ல போய் எழுதிக் குடுத்திடறேன். என் வேலை போனாப் போகட்டும். உங்க கொடி போகக் கூடாதுக்கா" என்றார்.

ஐயா, எங்கள் ஊரில் மனு எழுத நான் ஒருவன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் எழுதுவதை ஊரார் ஒப்பவில்லை. காய்ச்சல் வரும் நாளாகிய நேற்றுப் படுத்திருந்துவிட்டு, இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

13. ஆகையால் தாங்கள் தயவுகூர்ந்து சித்திரை முதல் தேதி உத்தரவை ரத்துச் செய்ய வேண்டும். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. மார்கழி தொடங்கிப் பங்குனி மத்தி வரைக்கும் எங்கள் ஊர்க் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு, அது கீழமடைப்பட்டி ஜனங்கள் கொடுத்த கொசு என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முனிசீப் எதிரில் எண்ணிய கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் தாங்களே எந்தக் கிழமையிலாவது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, டார்ச் லைட் பிடித்துப் பார்க்கலாம்.

14. கொசு உண்மையில் எங்கே பிறக்கிறது என்பதையும் நாங்களே காட்டிக்கொடுக்கிறோம். மலையம்மாள் தண்ணீர் மொண்ட பாழுங்கிணறுதான் அது. கார்த்திகையில் எண்ணெய் தெளிக்க வந்தவர்களிடம் ஊரில் உள்ள எல்லாக் கிணறுகளையும் காட்டினோம், அதை மட்டும் காட்டவில்லை. அது முனியாண்டி கிணறு. மண்ணெண்ணெய் வாடை அவருக்கு ஆகாது என்று பயந்தோம். இதுவும் எங்கள் குற்றந்தான். வெள்ளிக்கிழமை பூசாரியை வைத்து உத்தரவு கேட்டதில், எண்ணெய் கூடாது, மீன் விடலாம் என்று வாக்கு வந்திருக்கிறது. கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன் தங்கள் இலாகாவில் இருப்பதாக ஆரோக்கியநாதன் சொல்லியிருக்கிறார். அதைக் கிணற்றிலும், எங்கள் கொடிக்கால் வாய்க்கால்களிலும் விட்டுக் கொடுத்தால் நாங்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். வாய்க்கால் ஓரத்துப் புல்லையும் பாசியையும் வாரம் ஒரு முறை வீட்டுக்கு ஓர் ஆளாக இறங்கிச் சுத்தம் செய்வதாக இருபத்தொன்பது குடும்பத்தாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீரில் தூவுகிற அந்தப் பச்சைத் தூளை மட்டும் கொடிக்கால் பக்கம் தூவ வேண்டாம். அது விஷம் என்கிறார்கள். எங்கள் இலை ஜனங்களின் வாய்க்குப் போகிற இலை.

15. ஆரோக்கியநாதன் பேரில் எந்தக் கறுப்புப் புள்ளியும் வைக்கக் கூடாது. அவர் எண்ணியதில் ஒரு பிசகும் இல்லை. இருந்ததைத்தான் எண்ணினார். இல்லாததைக் கொண்டுவந்து வைத்தவர்கள் நாங்கள். அவருக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பினால், அந்த ஆளுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்று எங்கள் வீட்டுப் பெண்கள் திரும்பவும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்.

16. கடைசியாக ஒரு கோரிக்கை. இதை எழுதச் சொன்னவள் ஒச்சாயி. சர்க்கார் சிப்பந்தி எதையும் வாங்கக் கூடாது என்ற ரூல் நல்ல ரூல். அதை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: கீழமடைப்பட்டி ஒன்றாம் நம்பர் தொழுவத்தில் கொசு அகப்படாத வாரங்களில் மட்டும் கொசு பிடிக்கும் சிப்பந்தி இரண்டு வெற்றிலையும் ஒரு டம்ளர் மோரும் வாங்கிக்கொள்ளலாம் என்று. அந்த ஒரு வரி கையெழுத்தாகி வந்தால், எங்கள் தொழுவத்தில் இனி ஒரு கொசு தங்குவதற்கு ஒச்சாயி விடமாட்டாள். அதற்கு நான் ஜாமீன்.

கொடியில் ஈரம் இருக்கும்போதே தங்கள் பதில் வந்து சேரும் என்று காத்திருக்கும்,

த. வெள்ளைத்துரை (கையொப்பம்)

ஒச்சாயி, இடது கைப் பெருவிரல் ரேகை (சுண்ணாம்பு ஒட்டியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்)

மலையம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை

மொக்கையன் (கையொப்பம்; எருமையைப் பற்றி எழுதியதற்கு ஆட்சேபத்துடன்)

இடம்: கீழமடைப்பட்டி
தேதி: வெகுதானிய வருஷம் பங்குனி மாதம் 25-ந் தேதி சனிக்கிழமை (8-4-1939)

இணைப்பு: முதலில் ஒரு கவுளி வெற்றிலை வைத்துக் கட்டினோம். ரூலை முன்னிட்டு அதை எடுத்துவிட்டோம். இப்போது உள்ளே இருப்பது பஞ்சு வைத்து அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்று, அதில் வியாழக்கிழமைக் கொசு ஒன்று. இது நாங்கள் கொடுத்தது அல்ல. தம்பி பிடித்தது.